சீர்த்தட்டில் ஏறிய பச்சைப் பாட்டில்

என் முதல் வேலை ஒரு பானத்தை விற்பது. பார்லியை முளைகட்டி, வறுத்து, சாறெடுத்து, சோடா சேர்த்து, ஆப்பிள் அல்லது எலுமிச்சை வாசனை கொடுத்து, பச்சைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்த பானம். கழுத்தில் தங்க நிறக் காகிதம் சுற்றியிருக்கும். ஊற்றினால் வெள்ளையாக நுரை பொங்கும். மது ஒரு சொட்டும் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறார். போர்டை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். அம்மாவுக்குக் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். எனவே தாலிக்கு முன்னால் எங்கள் வம்சத்துப் பெண் கழுத்தில் ஒன்று ஏறியது என்றால் அது என் ஐ.டி. கார்டுதான். அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தொம்மலூர் தெருவில் நடக்கும் அடக்கம் என்னிடம் இல்லை. மழைக்கோட்டுக்கு வெளியேதான் தொங்கவிடுவேன்.

அந்தக் கார்டை என்னைவிட உற்றுப் பார்த்தவர் அத்தை. அப்பாவின் அக்கா. அதே தெருவில் பூக்கடை வைத்திருக்கிறார். கல்யாணங்களுக்குச் சீர்த்தட்டு அலங்காரமும் செய்து தருவார். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சின்னவள் பி.யு.சி. கடைசி வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் காலேஜுக்குப் போக வேண்டும் என்று நான் தொடங்கினால் போதும், அத்தை பூத்தொடுக்கும் நாரைப் பல்லால் கடித்தபடி அதே பதிலைச் சொல்வார்.

"உன் வேலை நிலைச்சு நிக்கட்டும்டி. நின்னா சின்னவளையும் அனுப்பறேன். நிக்கலைன்னா உங்க மாமா பேச்சுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

மாமா என்பது அத்தையின் புருஷன். படிப்பு பெண்களுக்குக் கண்ணைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு ஏற்கெனவே கண்ணாடி இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஆக, ஒரு பச்சைப் பாட்டிலின் தலையில் என் வேலை மட்டுமல்ல, சின்னவளின் காலேஜும் உட்கார்ந்திருந்தது.

கம்பெனியின் கணக்கு இதுதான்: வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்ட்டியில் குடிக்காதவர்களும் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு நின்றால் யாரும் பேச வருவதில்லை. அவர்களுக்காகத்தான் எங்கள் பானம். நானும் ஒயிட்ஃபீல்டின் பெரிய அபார்ட்மென்ட் வாசல்களிலும் ஆபீஸ் கேன்டீன்களிலும் மேசை போட்டு, சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தேன். வந்தார்கள், பாட்டிலோடு படம் எடுத்தார்கள், போனார்கள். வாங்கியவர்கள் குறைவு. ஒருவர் குடித்துவிட்டு, "இதில் குறை ஒன்றுமில்லை, அதுதான் குறை" என்றார். மேனேஜர் முகத்தில் தினமும் கொஞ்சம் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவளின் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீடு பெங்களூருக்கு வெளியே, ஆனேக்கல். நல்ல குடும்பம், ஒரே ஒரு சிக்கல்: மாப்பிள்ளையின் பெரியப்பா. இதற்கு முன்னால் பேசிய ஒரு சம்பந்தத்தில், பெண்ணின் அப்பாவிடம் சாராய வாடை வந்தது என்று தாம்பூலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர். இதைக் கேட்டதிலிருந்து அத்தை மாமாவைப் பக்கத்து மளிகைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பவில்லை.

நிச்சயத்தன்று காலை, மண்டபத்துக்குச் சீர்த்தட்டுகளை ஆட்டோவில் ஏற்றினோம். பழம், பூ, இனிப்பு, தேங்காய், மஞ்சள் குங்குமம், கற்கண்டு, கடைசியில் ஒரு கேக். மாமா கடைசியாக ஏறினார். கேக் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"எழுந்திருய்யா," என்றார் அத்தை. மாமா எழுந்தார். பிரயோஜனம் இல்லை.

தட்டு இரட்டைப்படை ஆகிவிட்டது. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும்.

"அண்ணி, இன்னொண்ணை எடுத்துட்டா சரியாப் போச்சு," என்றார் அம்மா.

"குறைக்கறதா? ஆனேக்கல்காரங்க எண்ணுவாங்கம்மா. தட்டு ஏறலாம், இறங்கக்கூடாது." அத்தையின் பார்வை எங்கள் வீட்டு வாசல் வழியே உள்ளே போயிற்று. கட்டிலடியில் என் சாம்பிள் பெட்டி. "இந்தாடி, அந்தப் பச்சைப் பாட்டிலைக் கொண்டா. பளபளன்னு இருக்குது."

சரசரவென்று வேலை நடந்தது. தாம்பாளத்தில் பாட்டில்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றின் கழுத்திலும் மல்லிகைச் சரம் சுற்றி, நடுவில் ஒரு தாமரை. பச்சை, தங்கம், வெள்ளை. எங்கள் கம்பெனி விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தில் ஒரு முறைகூட அந்தப் பாட்டில் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

மேளத்தோடு தட்டுகள் வரிசையாக மண்டபத்துக்குள் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தானே. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்குவதற்குள் அது பெரியப்பாவின் முன்னால் இறங்கிவிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். மேளக்காரர் கூட வாசிப்பைக் குறைத்தார்.

"இது இன்னா?"

"ஜூஸுங்க," என்றார் அத்தை.

"ஜூஸுக்கு எதுக்கு இப்படி மூடி?"

நான் முன்னால் போனேன். "ஐயா, இது பார்லியில செஞ்சது. நான் வேலை பார்க்கிற கம்பெனியோடது. இதுல மது இல்ல, வேணும்னா லேபிளைப் படிங்க."

"எனக்குப் பொடி எழுத்து தெரியாதும்மா. நீ குடி, பார்க்கலாம்."

பாட்டிலைக் கையில் எடுத்தேன். ஓப்பனர் இல்லை. அந்த நொடியில் எங்கள் மாமாவுக்கு உதவும் எண்ணம் வந்தது. என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, கடைவாயில் வைத்து, ஒரே கடியில் மூடியைக் கழற்றி, துப்பி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மிகச் சுத்தமான வேலை. இந்தக் கலையை எங்கே கற்றார் என்று சபையில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

நின்றபடியே பாதிப் பாட்டிலைக் குடித்தேன். மீதியை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பெரியப்பாவிடம் நீட்டினேன். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். ஏதாவது நடக்கிறதா என்று காத்திருப்பவர்போல மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடந்தது. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு ஏப்பம்.

"கஞ்சித் தண்ணியில சோடா ஊத்தின மாதிரி இருக்குது. அஷ்டே, அவ்வளவுதான்," என்றார்.

"நனகூ ஒந்து கொடம்மா," என்று தனக்கும் ஒன்று கேட்டு அவர் மனைவி டம்ளரை நீட்டினார். அவர் பின்னால் இன்னும் பல டம்ளர்கள் நீண்டன. மேளம் பழையபடி ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடத்தியது அத்தை. தட்டு அலங்காரத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தட்டின் படத்தைப் போனில் காட்டினார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், எங்கே தட்டு போனாலும் அதில் பச்சைப் பாட்டில் போயிற்று. ஆனேக்கல் பெண்கள் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கேட்டார்கள். அங்கிருந்து ஓசூர் பஸ் ஏறி எல்லை தாண்டியது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீருக்குப் பக்கத்தில் எங்கள் பானம் நின்றது. கிழவர்கள் ஏப்பத்துக்காகவே குடித்தார்கள்.

கம்பெனியில் என்னை வேலையில் நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள். மேனேஜர் மீட்டிங்கில் என் படத்தைத் திரையில் போட்டார். நான் அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அத்தை மட்டும், "நிக்கட்டும், பார்க்கலாம்," என்றார்.

நிற்கவில்லை.

ஒயிட்ஃபீல்டு பையன்கள் எங்கள் பானத்துக்கு 'நிச்சயதார்த்த பீர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "என் சித்தி கல்யாணத்தில் குடித்ததை நான் எப்படிப் பார்ட்டியில் குடிப்பேன்?" என்று ஒருத்தி இணையத்தில் எழுதினாள். மேலிடத்துக்கு அது பெரிய மானக்கேடாகப் போயிற்று. விற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விற்கக்கூடாத இடத்தில் விற்கிறது என்று அவர்களுக்கு வருத்தம். பானத்தை மறுபடியும் இளமையாக்க முடிவு செய்தார்கள். கண்ணாடிப் பாட்டிலுக்குப் பதில் கேன். பச்சைக்குப் பதில் கறுப்பு. முழுக் கறுப்பு. பளபளப்புகூட இல்லாத, அடுப்புக்கரி மாதிரியான கறுப்பு.

மீட்டிங்கில் நான் எழுந்தேன். "சார், இதை யாரும் சீர்த்தட்டில் வைக்க மாட்டார்கள்."

"அதற்குத்தான் மாற்றுகிறோம்," என்றார் மேனேஜர்.

"தட்டிலிருந்து இறங்கினால் வேறெங்கேயும் ஏறாது சார். பார்ட்டிக்காரர்கள் திரும்பி வர மாட்டார்கள். நல்ல காரியத்துக்கு எங்கள் வீடுகளில் கறுப்புப் புடவைகூட நுழையாது. கேன் எப்படி நுழையும்?"

"கறுப்பு என்றால் பிரீமியம். நீங்கள் சொல்வதற்கு டேட்டா இருக்கிறதா?"

என்னிடம் இருந்த டேட்டா அத்தை மட்டும்தான். சொன்னேன். சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. தீர்மானம் நிறைவேறும்வரை நின்றேன், பிறகு கால் வலித்து உட்கார்ந்தேன்.

முதல் கறுப்புக் கேனை அத்தையின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை.

"இது இன்னாடி, திருஷ்டிக்கு வாசல்ல கட்டறதா?"

"உள்ள அதே ஜூஸ்தான் அத்த."

"உள்ள இருக்கிறதையா தட்டுல வைக்கிறாங்க?"

ஆனாலும் எனக்காக ஒரு முயற்சி செய்தார். ஒரு வளைகாப்புக்குக் கேன்களை மஞ்சள் காகிதத்தில் சுற்றி, மேலே பூ வைத்து அனுப்பினார். விபரீதமாகப் போயிற்று. பெங்களூரில் கேனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமா போன்றவர்கள் ஒயின் ஷாப்பிலிருந்து அப்படித்தான் வாங்கி வருவார்கள். திறந்த பாட்டிலைக் கண்டு ஒரு ஊர் ஏப்பம் விட்டது. மூடிய கேனைக் கண்டு வளைகாப்பு வீடே முறைத்தது. தட்டு அப்படியே திரும்பி வந்தது.

அதன் பிறகு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒயிட்ஃபீல்டில் கறுப்புக் கேனோடு கொஞ்ச நாள் படம் எடுத்தார்கள். பிறகு வேறு ஏதோ பானத்துக்குப் போனார்கள். ஒரு மழைநாள் மத்தியானம் எங்கள் பிரிவையே மூடினார்கள். மேனேஜரும் என்னோடு லிஃப்டில் இறங்கினார். கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும், "உங்கள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்," என்றார்.

ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெட்ரோவில் வந்தேன். என் வேலையைவிட எனக்குச் சின்னவள் கவலைதான். அவளுக்கு ரிசல்ட் வந்திருந்தது, நல்ல மார்க். பூக்கடையில் அவள் ஒரு ஸ்டூலில், மாமா இன்னொன்றில். நடந்ததைச் சொன்னேன். மறைக்க எதுவும் இல்லை, கழுத்தே காட்டிக் கொடுத்தது.

"பார்த்தியா?" என்றார் மாமா. அவர் இந்த ஒரு வார்த்தைக்காக நெடுநாள் காத்திருந்தார். அதைச் சொல்லும்போது எழுந்தே நின்றார்.

அத்தை நாரைக் கடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார். "அந்த மீட்டிங்ல மொத்தம் எத்தனை பேருடி?"

"ரூம் நிறைய இருந்தாங்க."

"கறுப்பு வேணாம்னு சொன்னது?"

"நான் மட்டும்தான்."

"எல்லாரும் படிச்சவங்க."

"எல்லாரும்."

அத்தை மாமாவைப் பார்த்தார். "கேட்டியா? அவ்வளவு பெரிய ரூமுக்கு நம்ம தெருவுலேர்ந்து ஒருத்திதான் போயிருக்கா. ஒருத்தி கத்துனா எவன் கேப்பான்? கூட இன்னொருத்தி இருந்திருந்தா அந்தக் கேனு பச்சையாவே இருந்திருக்கும்." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "எந்திரி. அந்தக் காலேஜு எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு இந்த அக்காவைக் கேட்டுக்க. ரெண்டு பேரும் இன்னைக்கே போய்ட்டு வாங்க."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் மாமா.

"உனக்குப் புரியாது. நீ கடையைப் பார்த்துக்க," என்றார் அத்தை. ஈர மல்லிகைக் கூடையை அவர் கையில் வைத்தார்.