பாலத்துப் பூதத்தின் இலவச அடி

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் வண்டி ஆபீஸில் போன் எடுக்கிற வேலை சத்யபிரியாவுக்கு. சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போன வண்டியிலிருந்து டிரைவர் ஒரு குறை சொல்வார். அதே வண்டியின் டிரில்லர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இருவரிடமும் “நீங்க சொல்றதுதாங்கண்ணா நியாயம்” என்று சொல்லி வைத்துவிடுவாள். யார் முகம் கோணினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவள் கையில் ஒரு உலகமே இருந்தது. கோவையில் படிக்கும்போது பழகிய கதையாட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் காடு மலை கடப்பார்கள். சிநேகிதி இலக்கியாவின் தையல் கடை மாடியில்தான் ஆட்டம். ஆட்டத்தில் இலக்கியா வில்லாளி. லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அர்த்தநாரி, கரண்டியோடு போருக்கு வந்த சமையற்காரன். சங்ககிரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் மதியழகன், திருடன்.

பேச்சும் பயணமுமாக ஆட்டம் தண்ணீர்போல ஓடும். சண்டை வந்தால்தான் விதிப்புத்தகம் திறக்கும். விதிப்புத்தகம் திறந்தால் மதியழகனும் வாயைத் திறப்பார்.

சத்யபிரியா தன் பகடையை ஒரு சேலைப் பெட்டி மூடிக்குப் பின்னால் உருட்டுவாள். அங்கே விழுந்த எண்ணை அவள் உள்ளபடி சொன்னது அபூர்வம். அதனால் அந்த உலகத்தில் இதுவரை யாரும் செத்ததில்லை.

அந்த ஞாயிறு, பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு பூதம் நின்றது. அடிபட்ட திருடன் அதன் காலடியில் கிடந்தான். சமையற்காரன் பாய்ந்து போய் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகி ஓடுகிறவனை எதிரி ஒருமுறை இலவசமாக அடிக்கலாம் என்பது விதி. இப்போது விலகியது இரண்டு பேர். அடி யாருக்கு?

“ஓடறவன்னுதானுங்க போட்டிருக்குது,” என்றார் மதியழகன். “என்ற ஆளு ஓடலை, மூட்டையாட்டம் போறான். மூட்டைய அடிக்க விதியில்லீங்க.”

இலக்கியா விடவில்லை. “போன வாரம் கூண்டோட தூக்கிட்டுப் போன மந்திரவாதிய நீங்க அடிச்சீங்களே? எப்படிப் போனா என்ன, தூரம் போனாப் போதும்னீங்க?”

“அது வேற கேஸுங்க.”

வழக்கம்போல “ரெண்டு பேரு சொல்றதும் நியாயந்தான்” என்று சத்யபிரியா ஆரம்பித்தாள். ஆனால் பூதத்தின் கையில் இருந்தது ஒரே அடி. அதைப் பாதிப் பாதியாகப் பிரிக்க முடியாது.

“செஞ்சு பாத்துரலாமுங்க,” என்று எழுந்தார் அர்த்தநாரி. வக்கீலை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். இலக்கியா அளவு நாடாவால் பூதத்தின் கை நீளத்தைத் தரையில் அளந்து, துணி வெட்டும் மரஸ்கேலை ஓங்கினாள். அர்த்தநாரி ஓட, ஸ்கேல் அவர் இடுப்பில் பட்டென்று விழுந்தது.

அந்நேரம் பார்த்து, ஜாக்கெட் வாங்க வந்த கந்தம்மாள் படியேறி வந்து நின்றாள். “ஏஞ்சாமி, வக்கீலய்யாவுக்கு என்னாச்சுங்க?”

“பூதம் அடிச்சுருச்சுங்கக்கா,” என்றாள் இலக்கியா, மூச்சு வாங்க.

சத்யபிரியா சிரித்து ஓய்ந்து அர்த்தநாரியைப் பார்த்தாள். “வெலகுனது அண்ணனோட காலு. அடி அண்ணனுக்குத்தான்,” என்றாள். சொன்ன பிறகுதான், யாரையும் சமாதானம் செய்யாமல் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. பகடையோடு கை மூடிக்குப் பின்னால் போனது.

“வெளிய உருட்டுங்க சத்யா,” என்றார் அர்த்தநாரி மெதுவாக. “நீங்க மறைச்சு மறைச்சு எங்களக் காப்பாத்தறது தெரியுமுங்க. இந்த வாட்டி நானு பொழைச்சா நெசமாப் பொழைக்கோணும்.”

அவள் காது சிவந்துபோனது. மூடியை ஓரம் தள்ளிவிட்டு எல்லார் கண்ணெதிரிலும் உருட்டினாள். இருபது முகப் பகடை உருண்டு, இருபதிலேயே போய் நின்றது. பூதத்துக்கு அதைவிடப் பலமான அடி கிடையாது. சமையற்காரன் திருடனைக் கரையில் எறிந்துவிட்டு ஆற்றில் விழுந்தான்.

கேஸை ஜெயித்த மதியழகன்தான் முதலில் பதறினார். “ஆத்துல உழுந்தாச் சாவுன்னு எந்தப் பக்கத்துலயும் இல்லீங்க! கரண்டி மெதக்காதுங்களா?” பக்கம் பக்கமாகப் புரட்டினார். அட்டவணையைப் பார்த்தார், அடிக்குறிப்பைப் பார்த்தார். புத்தகம் வாயே திறக்கவில்லை.

“புஸ்தகம் சொல்லலைன்னா நாந்தான் சொல்லோணும்,” என்றாள் சத்யபிரியா. “அண்ணன் செத்துட்டாருங்க.”

யாரும் எழுந்து போய்விடவில்லை. மதியழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கரையில் நின்ற திருடனாகவே, கடைசி வரை உப்பு குறைத்தே போட்ட அந்தச் சமையற்காரனைப் பற்றி நெடுநேரம் பேசினார். இலக்கியா மூக்கை உறிஞ்சினாள். செத்துப்போன அர்த்தநாரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“பாவம், அவருக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்குதுங்களா?” என்றாள் கந்தம்மாள்.

“அதெல்லாம் யோசிக்கவே இல்லீங்கக்கா,” என்றார் அர்த்தநாரி. “அந்தப் பூதத்துக்கு ஒரு தம்பி இருந்தா, இனி நானு அவனா வாரேனுங்க.”

“எதிரியோட தம்பி எப்படிங்க நம்ம கூட்டத்துல சேருவான்?” மதியழகன் மறுபடி புத்தகத்தை இழுத்தார்.

ஜாக்கெட்டை மறந்துபோன கந்தம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தத் தம்பி பூதம் ரத்தம் குடிக்குமுங்களா, பால் குடிக்குமுங்களா?”

எல்லாரும் சத்யபிரியாவைப் பார்த்தார்கள்.

“பால்தானுங்க,” என்றாள் அவள், பட்டென்று.