திங்கட்கிழமை நாற்காலி

பெண்களுக்கு முடி வெட்டும் எங்கள் கடையில் நான்கு நாற்காலிகள். மூன்றாவது அக்காவுடையது, நான்காவது என்னுடையது. அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பரவாயில்லை அக்கா’. காலை மிதித்தாலும் ‘பரவாயில்லை’. சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி இன்னொரு தலையைக் கொடுத்தாலும் ‘பரவாயில்லை’. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. எங்களுக்கெல்லாம் விடுமுறை, அக்காவுக்கு மட்டும் கிடையாது. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி கிடக்கும். காலை எட்டு மணிக்கே அதில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாடி வீட்டு டீச்சர், அக்காவின் ஓர்ப்படி, ஓர்ப்படியின் தங்கை, அந்தத் தங்கையோடு வேலை பார்ப்பவள் என்று வரிசை நீளும். “நுனி மட்டும்தான்க்கா, ரெண்டே வெட்டு” என்பார்கள். நுனி மட்டும் என்று வருகிறவளுக்குத்தான் முக்கால் மணி நேரம் பிடிக்கும், இந்தத் தொழிலில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். போகும்போது தரையில் கிடக்கும் முடியைக்கூடக் கூட்ட மாட்டார்கள், மகராசிகள்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் மோதிர விரல், மற்றதில் பெருவிரல். அசைவது பெருவிரல் மட்டும்தான். அந்தப் பெருவிரலில்தான் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் கையை உதறுவார். நான் பார்த்தால் தண்ணீர் உதறுவதுபோல நடிப்பார்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். தேதியும் கொடுத்தார். அன்றைக்கு மாடி வீட்டு டீச்சர் பள்ளிக்கூட போட்டோவுக்காக மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா தேதியைத் தள்ளிப்போட்டார். இரண்டாவது தேதியன்று அவருடைய கூடப் பிறந்த அக்கா வீடு மாறினார், இவர் பாத்திரம் கட்டப் போய்விட்டார். மூன்றாம் முறை டாக்டர் சிடுசிடுத்தார். “இனிமேயும் தள்ளிப்போட்டா இந்த விரல் கத்தரிக்கோல் பிடிக்காது, சொல்லிட்டேன்” என்று திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எழுதிக் கொடுத்தார்.

அதே வாரம் கடையில் ஒரு பெண்ணின் காது நுனியை அக்காவின் கத்தரிக்கோல் கடித்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் சொட்டு. அக்கா பின்கட்டுக்குப் போய், துண்டு அடுக்கிய அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலமே கண்ணாடி முன்னால் அவரை உட்கார வைத்தேன்.

“நான்தான் மாடி வீட்டு டீச்சர். ‘அக்கா, திங்கட்கிழமை வரட்டுமா?’ பதில் சொல்லுங்க.”

“முடியாதும்மா... பரவாயில்லையா?”

“அந்த வாலை வெட்டுங்க முதல்ல. மறுபடி.”

“முடியாதும்மா. கோச்சுக்காத.”

“அதுவும் வால்தான்!”

பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பத்திலும் வால் இருந்தது. “இது எனக்கு வராதுடி, விட்டுடேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை நாற்காலியில் பெரியக்கா! அதாவது அக்காவின் அக்கா. அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மருமகள்கள் இரண்டு பேர்.

“நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோம். மூணே தலைதான், சீக்கிரம் ஆரம்பிடி” என்றார்.

“இன்னிக்கு ஆபரேஷன்கா. போன்ல சொன்னேனே.”

“சின்ன ஆபரேஷன், ஒண்ணுமில்லன்னுதானே சொன்னே? பதினோரு மணிக்குத்தானே? என் தலையையாவது முடிச்சுட்டுப் போ. ஈரத்தோட உக்காந்திருக்கேன்ல.”

அக்கா இழுப்பறையைத் திறந்தார். போச்சுடா என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து, வெட்டுவதற்கு முன் நாங்கள் எல்லாரும் செய்வதுபோல வெறும் காற்றில் இரண்டு தடவை திறந்து மூடப் பார்த்தார். திறந்தது, மூடவில்லை. பெருவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினார்.

“முடியாதுக்கா.”

“என்ன முடியாது?”

“இன்னிக்கு வெட்ட முடியாது. இனிமே எந்தத் திங்கட்கிழமையும் இந்த வீட்ல யாருக்கும் வெட்ட மாட்டேன். உனக்கும்தான்.”

குரல் நடுங்கியது. ஆனால் வால் இல்லை. நான் காத்திருந்தேன், கடைசிவரை வரவில்லை.

பெரியக்காவின் முகம் சிவந்துவிட்டது. “யாரோ மூணாம் மனுஷிக்குச் சொல்ற மாதிரி சொல்றே. உன்னை வளர்த்த கைடி இது!”

“தெரியும்கா. அதை மறந்தா நான் மனுஷியே இல்ல. ஆனா இந்தக் கை போயிட்டா என் பொழப்பே போச்சு.”

பெரியக்கா ஈரத் தலையோடு எழுந்து வாசலுக்கு நடந்தார். மருமகள்கள் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் வாசலில் பெரியக்காவை நிறுத்தி, டாக்டர் விரலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன்.

வண்டியில் அக்கா அழுதார். “தப்புப் பண்ணிட்டேனா?”

“கையைப் பத்திக் கவலைப்படுங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்று வள்ளென்று விழுந்தேன்.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாம் நாளே பெருவிரலில் சுள்ளென்று உணர்ச்சி வருகிறது என்று கட்டுக்குள்ளிருந்தே ஆட்டிக் காட்டினார். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அக்காவுக்கு இடுப்புவரை முடி. ஊருக்கெல்லாம் தலையைச் சீர்செய்தவருக்குத் தன் தலையை ஒற்றைக் கையால் சீவத் தெரியவில்லை. நான் போகாத நாட்களில் சிக்கு விழுந்து பாயாகக் கிடந்தது. இத்தனை திங்கட்கிழமைகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களில் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் அக்காவே பெரியக்காவுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. “எனக்குத் தலை சீவிவிட ஆள் இல்லக்கா. நீ வா” என்றார். மறுமுனையில் போன் வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் நான் போனபோது ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். பின்னால் சீப்போடு பெரியக்கா. அவருடைய தலையை யாரோ கோணலாக வெட்டிவிட்டிருந்தார்கள். கோபத்தையெல்லாம் சிக்கின் மேல் காட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஆ! வலிக்குதுக்கா!”

சீப்பு நின்றது.

“வலிக்குதுன்னு சொல்லத் தெரியுதா உனக்கு?” பெரியக்காவின் குரல் உடைந்தது. “ரெண்டு வருஷமா கை செத்துக்கிட்டிருந்திருக்கு. டாக்டர் சொன்னதே அன்னிக்கு வாசல்ல வச்சு இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாசாமாசம் வந்து உக்காந்தேனே, ஒரு தடவை வாயைத் திறந்தியாடி? திறந்திருந்தா நான் உக்காந்திருப்பேனா?”

அக்கா திரும்பவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இப்ப சொல்றேன்லக்கா” என்றார். “மெதுவா சீவு.”