வராதவர்களுக்கு இரண்டு முக்காலி

எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதை முதலிலேயே வரிசையாக எழுதிக்கொள்கிறேன்:

1. முன்ஷி கரீம் சாகிபு காலமான செய்தி.
2. அவர் என் வேலையைக் காப்பாற்றிய விதம்.
3. அவருக்கு அல்ஜீப்ரா கடைசிவரை வராதது.

ஆம்பூர்த் தோல் மண்டிக்காரர் ஒருவர் குடியாத்தம் சந்தையில் என்னைப் பார்த்து, "நம்ம முன்ஷி சாகிபு போய்ட்டாரு, சார்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய சிரிப்புத்தான் காதில் கேட்டது. நம் பள்ளியில் அவரிடம் பாரசீகம் படித்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

நான் அங்கே தற்காலிக ஆசிரியனாகச் சேர்ந்த வருஷம், இன்ஸ்பெக்டர் முன்னால் அல்ஜீப்ரா வகுத்தலை நடத்திக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். அதை நானே அரைகுறையாகத்தான் படித்திருந்தேன். மாலைதோறும் முன்ஷி சாகிபு மாணவராகப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் நடத்திப் பழகினேன்.

"அல்ஜீப்ரான்னு பேர் குடுத்தது எங்க அரபி. பேஜார் மட்டும் உங்களுக்கு!" என்பார்.

ஒரு நாள், எக்ஸ் கனம் கழித்தல் எட்டு என்பதை எக்ஸ் கழித்தல் இரண்டால் வகுக்கத் தொடங்கினேன்.

"கனம் இருக்குது, எட்டு இருக்குது. நடுவுல வர்க்கமும் வெறும் எக்ஸும் எங்க, வாத்தியாரே?"

"அவை இல்லை. ஆனாலும் பூஜ்யம் போட்டு இடம் விட வேண்டும். விடாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்."

"அட, எங்க வூட்டுச் சாப்பாட்டு விரிப்பு மாதிரி! வராதவனுக்கும் எடம் வுடணும்." உடனே தலையைச் சொறிந்தார். "ஊஹூம், புரியல. இன்னொரு தபா சொல்லுங்க."

தலைமையாசிரியரோடு இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். எக்ஸ் கனம் கழித்தல் இருபத்தேழை எக்ஸ் கழித்தல் மூன்றால் வகுக்கும்படி, அதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தார். பதற்றத்தில் கனத்தையும் இருபத்தேழையும் ஒட்ட ஒட்ட எழுதிவிட்டேன். மேலே போக வழியில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து முன்ஷி சாகிபு தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து, இரண்டு முக்காலிகளோடு உள்ளே வந்து, தலைமையாசிரியருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் போட்டார்.

"யாருக்கு ஐயா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வராதவங்களுக்கு, சார். எடம் வுடணுமில்ல?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பதற்றம் போயிற்று. பலகையை அழித்து, இரண்டு பூஜ்யங்களுக்கும் இடம் விட்டு எழுதினேன். மீதியில்லாமல் வகுபட்டது. வேலை நிலைத்தது.

இன்றும் மனம் பதறினால் அந்த வெற்று முக்காலிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவே.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாகப் போட்டது தவறு. தட்டிக்கு மேல் எட்டிப் பார்த்த ஒரு பார்வையில் என் பிழை அவருக்குத் தெரிந்திருக்கிறதே! முன்ஷி சாகிபுக்கு அல்ஜீப்ரா வந்திருக்கிறது. நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.