சீப்பில் சுற்றியிருந்த முடி

சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசுகிற ஊரில், என் தங்கை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குறுவை அறுவடை முடிந்து வீடெல்லாம் புதுநெல் வாசம் அடித்த சமயம் அது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்குக் குழந்தையில்லை. உடம்பைக் குறைத்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். குறைக்கிறேன் என்று மன்னார்குடிக்குப் பக்கத்தில் அம்மாவும் நானும் இருக்கும் வீட்டுக்கு வந்தவள், மோரும் வெள்ளரிக்காயுமாகப் பொழுதை ஓட்டினாள்.

எடை மெஷினில் நிஜமாகவே குறைந்துகொண்டு வந்தது. கன்னம் ஒட்டிப்போனது. ஆனால் மெஷினை அவள் நம்பவில்லை. போனில் பார்த்த ஏதோ ஒரு கம்பெனி, முடியை அனுப்பினால் அதிலுள்ள தாதுக்களை அளந்து, உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று கணக்குப்போட்டுச் சொல்லுமாம்.

"உடம்புல தண்ணி குறைஞ்சாலும் மெஷின் எடை குறைஞ்சதாத்தான் காட்டும்க்கா. முடி பொய் சொல்லாது" என்றாள்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் பட்டுப் பட்டு பக்கெட்டே வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அந்த உப்பு முடியில் மட்டும் ஏறாதா என்று கேட்டேன். மொட்டைத் தலைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். அவள் சிரிக்காமல் முடியைத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

ரிப்போர்ட் வந்தது. கொழுப்பு மிக அதிகம் என்று போட்டிருந்தது. அன்றோடு மோரும் நின்றது. ஒரு நாள் கொல்லையில் துணி காயப்போடப் போனவள் மயங்கி விழுந்தாள். தூக்கியபோது கை கனக்கவேயில்லை.

படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. குழந்தை பிறந்தால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்ட தலை அது. நேர்ந்துகொண்ட முடியில் கத்தரி படக்கூடாது என்று அவள் நுனிகூட வெட்டுவதில்லை.

"அப்ப எந்த முடியடி அனுப்பினே?"

"சீப்புல சுத்தியிருந்ததைத்தான்."

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சீப்பு. அம்மா தலைக்குச் சாயம் அடிப்பவள். எனக்கோ அப்போது கொத்துக்கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுல உன் முடி எது, என் முடி எது, அம்மா முடி எது? மூணு பேருக்கும் சேர்த்தா நீ பட்டினி கிடக்கிறே?"

கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. அப்பாடா, இனி சாப்பிடுவாள் என்று அடுப்படிக்கு ஓடி, சூடாகச் சோறு போட்டு ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அவள் எழுந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரி. பின்கழுத்தில் தோலை ஒட்டி ஒரு கற்றையை நறுக்கியிருந்தாள். வாசற்படியில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சாமிக்கு நேர்ந்ததுடி அது!" என்று கத்தினேன்.

"முடி திரும்ப வளரும்க்கா. என் வயசு காத்துக்கிட்டு இருக்குமா?"

கற்றையைக் காகிதத்தில் மடித்தாள். தட்டை என் பக்கமே தள்ளினாள்.

"இது என்னோடதுதான். ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்றாள்.