சோப்புத் தண்ணீரில் சாமி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இப்போது மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு நாளெல்லாம் மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடுகிறேன். "இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

எங்கள் மழலையர் வகுப்பு, அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையோரம். அதில் ஒரு சிறுமி. வீட்டில் வாயாடியாம். இங்கே சேர்ந்த நாள் முதல் ஒரு சொல் பேசவில்லை. களிமண் பிசைவாள், தண்ணீரை அளைவாள், உதடு மட்டும் திறக்காது.

"திங்கக்கெழமையிலேருந்து டவுன் ஸ்கூல் வேன்ல ஏத்திடுறோம் சார். இங்க ஊமையாட்டம் உக்காந்திருக்கா" என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவளை விட மனசில்லை.

மறுநாள் ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் காலில் இடறுவதில் பாதி சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு சொட்டினால் அது மட்டும் நுரைக்கும். எந்தக் கல் பொங்குகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு.

வந்த கற்களில் அப்படியொரு சேறு. ஒவ்வொருவர் பையையும் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே சோப்புத்தூள் கரைத்த டப்பில் கவிழ்த்தேன். பிள்ளைகள் கைவிட்டு அளைந்தார்கள். திடீரென்று ஒருவன் அலறினான்.

"சார், கல்லுக்கு ரத்தம் வருது!"

ஒரு கல் செக்கச்செவேலென்று கிடந்தது. நான் வாய் திறக்குமுன் அந்தச் சிறுமி எழுந்து நின்றாள்.

"அது எங்க சாமி!"

சாலையில் போன லாரிக்காரருக்கும் கேட்டிருக்கும். அவள் பேசிவிட்டாள் என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அவர்கள் வீட்டுப் பின்னால் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி வைத்திருந்த சாமியைத் தூக்கி வந்திருக்கிறாள். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும்.

"சாமிய ஏம்மா எடுத்துட்டு வந்த?"

"நீங்கதான கல்லு கேட்டீங்க? இதான் எங்க வூட்ல நல்ல கல்லு."

எலுமிச்சை மூடியை அவள் கையிலேயே கொடுத்தேன். பிழியப் பிழியச் சிவப்பு கலைந்து மஞ்சள் திரும்பியது. மஞ்சள் போன இடத்தில் பொடிப்பொடியாய் நுரை.

"சாமி மூச்சு வுடுது!" என்று குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். "சார், எங்க சாமியக் காணும்..."

"அம்மா, சார் சாமிய சோப்புல போட்டாரு, செவந்துடுச்சு, நான்தான் சரி பண்ணேன்!"

அம்மா என்னைப் பார்த்தார். நான் நுரைக் கையோடு நின்றேன்.

"தெரியாமப் போட்டுட்டேங்க."

கல்லை வாங்கி முந்தானையால் துடைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், கன்னமெல்லாம் சோப்பு. அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. சிறுமியோ மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"இங்கயும் இப்படித்தான் பேசுறாளா?"

"இன்னைக்குத்தாங்க ஆரம்பிச்சா."

அவர் சாமியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வேன் வேணாம்னு அவங்கப்பாகிட்ட சொல்லிடுறேன். ஆனா சார், இனிமே கல்லு கில்லு வேணும்னா எங்ககிட்ட கேளுங்க. இவகிட்ட கேக்காதீங்க."