தோற்றாலும் பரேலில்

நடுவர் விசில் ஊதியதும் எங்கள் பிரின்சிபால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பம்பாயில் பரேல் பக்கம் ஒரு மண் மைதானம். எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணியின் கேப்டன், கடைசி நிமிடத்தில் எதிரணிக்குள் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வாயைத் திறந்தேன். செல்லாது என்று நடுவர் கையை வீசினார். பாட வேண்டியது ‘கபடி, கபடி’. அவள் பாதி வழியில் ‘சடுகுடு, சடுகுடு’ என்று மாறிவிட்டாள். தாராவிச் சந்தில் சின்ன வயதிலிருந்து அவள் பாடிப் பழகியது அதுதான். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

எங்களுடையது செம்பூரில் தமிழர்கள் சேர்ந்து நடத்திய சின்னத் தனியார் கல்லூரி. எண்பதுகளின் தொடக்கம். நான் வணிகவியல் சொல்லிக்கொடுத்தேன். பந்து உருண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ஆசாமி நான்; என் தலையில் விளையாட்டுப் பொறுப்பையும் கட்டிவிட்டார்கள். எந்த லீகில் சேருவது என்பதுதான் அப்போது பெரிய பேச்சு. டோம்பிவிலிப் பக்கத்துக் கல்லூரிகளின் லீக் எங்களை வா வா என்றது. அங்கே உருப்படியான கபடி அணியே கிடையாது, போனால் கோப்பை நிச்சயம். மாட்டுங்காவின் தமிழ்ப் பெரியவர்கள், நம்மவர்கள் கல்லூரிகள் மட்டும் சேர்ந்து தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்காக அவர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆட்டத்தைவிட மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு இரண்டில் எதுவானாலும் சம்மதம். பிரின்சிபால் அம்மாவோ, மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஆடும் பரேல், தாதர் கல்லூரிகளின் லீக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேலை கொடுத்து ரயில்வே அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் வந்து உட்காருவார்கள். கேப்டனின் அப்பா தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. படிப்பு முடிந்ததும் அவளைத் திருநெல்வேலிக்கு அனுப்பிக் கல்யாணம் முடிப்பதாக வீட்டில் பேச்சு. ஒரு வேலை கிடைத்தால்தான் அவள் பம்பாயில் இருக்க முடியும், ஆடவும் முடியும். அது பிரின்சிபாலுக்குத் தெரியும்.

பரேல் லீகின் செயலாளர், அவர்களுடைய சாம்பியன் அணியோடு ஒரு முறை ஆடிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றிருந்தார். நாங்கள் ஆடிக் காட்டிய லட்சணம்தான் மேலே சொன்னது. கேப்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். “மூச்சு முட்டுனதும் பழைய பாட்டு தன்னால வாயில வந்துட்டு மேடம்” என்றாள். பிரின்சிபால் அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. செயலாளர் வெகு பக்குவமாக, முதலில் உங்கள் ஆட்களோடு ஆடிப் பழகிவிட்டு வாருங்கள் என்றார். அந்த ‘உங்கள் ஆட்கள்’ எனக்குச் சுருக்கென்றது. பிரின்சிபால் அவருடைய மராத்தியிலேயே திருப்பிக் கொடுத்தார். விதி விதிதான், அந்தப் புள்ளியை நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் சாம்பியனிடம் ஒரு புள்ளியில் தோற்றவர்களுக்கு இங்கே இடமில்லை என்றால், அவர்களிடம் பத்துப் புள்ளியில் தோற்கிற அணிகளையெல்லாம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

செயலாளர் கேப்டன் பக்கம் திரும்பி, இனிமேலாவது ஒழுங்காகக் கபடி என்று பாடுவாயா என்றார். இந்தியில் வெளுத்து வாங்குகிறவள் அவள். அன்று வேண்டுமென்றே பிரின்சிபாலிடம் தமிழில் சொன்னாள்: “பாடுதேன்னு சொல்லுங்க மேடம். ஜெயிச்சுட்டு வெளிய வந்தப்பொறவு எங்க பாட்டத்தான் பாடுவேன்னும் சொல்லுங்க.” பிரின்சிபால் ஒரு சொல் விடாமல் மராத்தியில் சொன்னார். நடுவர் முதலில் சிரித்தார், பிறகு செயலாளரும்.

சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்றிரண்டு புள்ளியில் தோற்று முதல் வருடம் நாங்கள் கடைசி. நிர்வாகக் குழு கொதித்தது. டோம்பிவிலிக்கே போயிருந்தால் இந்நேரம் கோப்பை வந்திருக்கும் என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள். பிரின்சிபால் குரலை உயர்த்தவே இல்லை. “லீக்கை மாத்தறதுன்னா பிரின்சிபாலையும் சேர்த்து மாத்திடுங்கோ” என்றார். மாற்றவில்லை. அடுத்த வருடமும் நாங்கள் கடைசிதான். ஆனால் ரயில்வேக்காரர்கள் அந்தக் கடைசி அணியிலிருந்து எங்கள் கேப்டனை எடுத்துக்கொண்டார்கள். அவள் திருநெல்வேலிக்குப் போகவில்லை.

பிரின்சிபால் ஓய்வு பெற்றதும் கல்லூரி சத்தமில்லாமல் டோம்பிவிலி லீகுக்கு மாறிவிட்டது. போன மாதம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். பெருமையாகச் சுற்றிக் காட்டிய மாணவி, அந்த மேடம் காலத்தில் ஒன்றுகூட வாங்கவில்லையா சார் என்று கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல” என்றேன். “யார்கிட்ட தோத்தோம்னு கேளும்மா, சொல்றேன்.”