சீழ் வைக்காத புண்ணை உற்றுப் பார்த்தவர்

போன வியாழக்கிழமை மாலை அகரம் தபால் நிலையத்தில் அன்றைய பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து போன் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் பேசினாள். "செலின் அக்கா போயிட்டாங்கக்கா. மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அம்புட்டுதான்." பையின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். எங்கே முடிச்சுப் போடுவது என்பது மறந்துபோயிற்று.

செலின் அக்காவிடம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஊசி ஏறியதே தெரியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால், அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து அவர் ஒருநாள் எதைக் கண்டுபிடித்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவராகச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்களுக்கு மூத்தவள் மகள்; நல்ல ஆரோக்கியம். அடுத்துப் பிறந்த பையன் மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. மூன்றாவது கதிர். பிறந்து இருபத்தைந்து நாளாகியும் அவனுக்குத் தொப்புள்கொடி விழவில்லை. சுற்றிலும் சிவந்து புண்ணாகியிருந்தது. குழந்தை மருத்துவர் ரத்தம் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுநாள் காலை செலின் அக்கா எங்களை வரச் சொன்னார். இயந்திரம் தந்த எண்ணோடு விட்டுவிடாமல், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி அவரே மூன்று முறை பார்த்திருந்தார். "புத்துநோய்னா அரைகுறையா வளந்த அணுவா தெரியணும். இது எல்லாமே நல்லா முத்துன அணு. எனக்கு எங்கயோ இடிக்குது" என்றவர், குழந்தையின் துணியை விலக்கித் தொப்புளை வெகுநேரம் பார்த்தார்.

"சீழ் வச்சுச்சா?"

"இல்லக்கா."

"ஒரு சொட்டுகூடவா?"

"இல்லக்கா. செவந்து போய்க் காஞ்ச மாதிரியே இருக்கு."

"போன பிள்ளைக்குத் தொப்புள் எப்ப விழுந்துச்சு?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. அவனுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் சொன்னதும் அக்கா மருத்துவரைப் போனில் அழைத்தார். "சார், நான் டாக்டர் இல்ல. தப்பாக்கூட இருக்கலாம். ரத்தத்துல இம்புட்டு வெள்ளை அணு இருந்தும் புண்ணுக்கு ஒண்ணுகூட வந்து சேரல. படிக்கிறப்ப இப்படி ஒரு பரம்பரை நோயைப் பத்திக் கொஞ்சம் படிச்சிருக்கேன்."

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். எங்களைச் சென்னைக்கு அனுப்ப அன்றே கடிதம் எழுதினார்.

கிளம்புமுன் அக்கா என்னை நுண்ணோக்கியில் கண் வைக்கச் சொன்னார். இளஞ்சிவப்பு வயலில் ஊதாப் பூக்கள் சிதறிக் கிடந்ததுபோல் இருந்தது. என் பிள்ளையின் உடம்புக்குள் இவ்வளவு அழகு இருக்கிறதா என்று மூச்சடைத்துப் போனேன். "இவங்கதான் காவல்காரங்க. புண்ணுக்கு வந்து சண்டை போட்டாத்தான் சீழே வைக்கும்" என்றார் அக்கா. "பஸ்ஸு பஸ்ஸா போறாங்க. ஆனா புண்ணு இருக்கிற ஸ்டாப்புல இறங்கத் தெரியல. கம்பியைப் பிடிக்கிற கை இல்லாமப் பிறந்திருக்காங்க." சென்னையில் பெரிய பெரிய இயந்திரங்களில் பார்த்துவிட்டு, நீளமான ஆங்கிலப் பெயரோடு சொன்னதும் இதையேதான். முதல் பையனும் இதில்தான் போயிருப்பான் என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் என் மாமியார், "இவ வயித்துல பொறந்த ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஆரம்பித்தார். மாமியார் என்றாலும் அவர் என் அப்பாவின் சொந்த அக்கா. செய்தி கேட்டு எங்களைப் பார்க்க வந்திருந்த செலின் அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, ஆணு பொண்ணுன்னு இல்ல, யாருக்கும் வரலாம். பாதி உங்க மகன் குடுத்தது, பாதி உங்க தம்பி மக குடுத்தது. ரெண்டும் உங்க வீட்டு ரத்தந்தான். யாரை வையிறீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் கதிர் பிழைப்பான் என்றார்கள் சென்னையில். மகளின் மஜ்ஜை தம்பிக்குப் பொருந்தியது. ஆறு வயதுப் பெண், "ஊசி போட்டா தம்பி இருப்பானாம்மா?" என்று மட்டும் கேட்டாள். மாற்றுச் சிகிச்சை முடிந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் இருந்து, கதிரைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

நான்கு வயதில் அவன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தேன். மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். பரிசோதனை நிலையத்தில் அத்தனை பேர் காத்திருக்க, வாசலிலிருந்தே, "அக்கா, சீழ் வச்சிருக்கு!" என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார்கள். அக்கா கையுறையோடு ஓடிவந்தார். ஒரு துளி எடுத்துத் தகட்டில் தடவிச் சாயமிட்டுப் பார்த்தார். கண்ணை எடுக்காமல், "இறங்கிட்டாங்கடி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கதிர் என்னருகில் நின்றான். தனக்கு அவர் என்ன செய்தார் என்பது அவனுக்குக் கதையாகத்தான் தெரியும்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. அவர் அறிவில் எனக்குப் பங்கு கிடைக்காது. "பயந்து பாத்தா பாதிதான் தெரியும். நிதானமாப் பாரு" என்று ஒருமுறை சொன்னார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பார்வையைத்தான். கதிருக்கு இப்போது ஒன்பது வயது. குளித்துவிட்டு வந்தால் ஈறு, காது மடல், விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். "கூசுதும்மா, விடும்மா" என்று நெளிகிறான்.

"செத்த நேரம் நில்லுடா" என்கிறேன். நிற்கிறான்.